'ஈக்விட்டி'க்கு 'ஒப்புரவு' போதுமா? கணித ஆசிரியர் கல்விக்கான கலைச்சொல்

ம. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

கணித ஆசிரியர் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது இரண்டு சொற்கள் நகரவிடாமல் நிற்கின்றன: 'ஈக்விட்டி', 'ரிலிஜியஸ் ஐடென்டிட்டி'. படிக்கப்போகிறவர்கள் பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி மாணவர்கள். வரைவில் இப்போதைக்கு 'சமத்துவம்', 'மத அடையாளம்' என்று இருக்கிறது. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

சமத்துவம் ஏற்கெனவே ஈக்வாலிட்டிக்குப் போய்விட்டது. ஒரே பத்தியில் இரண்டும் வருகின்றன. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுப்பது ஒன்று. அந்த வினாத்தாளில் உள்ள கணக்கை எல்லாப் பிள்ளையும் எட்டிப்பிடிக்கும்படி செய்வது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்தச் சொற்கள் வரும் ஆறாம் அலகு முழுக்கக் குழம்பிவிடும்.

சொல்லுக்கு மூன்று சோதனை வைத்துக்கொள்வோம். பெயரடையாக வர வேண்டும், எதிர்மறை கிடைக்க வேண்டும், கணிதப் பாடநூலில் வேறு பொருளில் இருக்கும் சொல்லோடு மோதக் கூடாது.

க. எழுதியது:

> கணிதப் பாடநூலில் வேறு பொருளில் இருக்கும் சொல்லோடு மோதக் கூடாது

மூன்றாவது சோதனையிலேயே பாதி விழுந்துவிடும், பாருங்கள்.

'சமன்' என்று தொடங்கும் எதுவும் கணித ஆசிரியர் காதில் சமன்பாடாகத்தான் விழும். 'சமனி' கூட்டல் சமனி, பெருக்கல் சமனி என்று சுழியத்துக்கும் ஒன்றுக்கும் உரியது. 'சமச்சீர்' வடிவியலில் சிமெட்ரி. வடிவியலை விட்டாலும் தமிழ்நாட்டில் அது 2010ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். சமச்சீர்க் கல்வி என்றால் எல்லாருக்கும் ஒரே பாடநூல். அது ஈக்வாலிட்டி, நாம் தேடுவது அதற்கு அடுத்த படி.

'நேர்மை' வேண்டாம். வணிகவியல் படித்தவருக்கு ஈக்விட்டி ஷேர்தான் நேர்மைப் பங்கு. மற்றவருக்கு அது லஞ்சம் வாங்காத குணம். 'நடுவுநிலைமை' நேர் எதிரான பொருள் தரும்: துலாக்கோல் ஆளைப் பார்ப்பதில்லை, ஈக்விட்டியோ யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்த்தே தொடங்குகிறது.

'தகுசமம்' என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். 'தகு' வந்தாலே பின்னால் 'தகுதி' வரும். இடஒதுக்கீட்டு வாதங்களில் அந்தச் சொல் எந்தப் பக்கம் நின்றது என்று எல்லாருக்கும் தெரியும். 'ஈடுசமம்' இன்னும் மோசம். ஈடுசெய்வது என்றால் பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கிறது, அதை ஆசிரியர் நிரப்புகிறார் என்றாகும். குறை பிள்ளையிடம் இல்லை, கணக்கு எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது என்பதுதான் அந்த அலகின் பாடமே.

ஐடென்டிட்டி பற்றி ஓர் எச்சரிக்கை: 'மேத்தமேட்டிகல் ஐடென்டிட்டி' என்பதை இயந்திர மொழிபெயர்ப்புக்குப் போட்டால் 'கணித முற்றொருமை' என்று திரும்பி வரும். (a+b)² = a²+2ab+b² தான் முற்றொருமை. 'நமக்குக் கணக்கு வராது' என்று ஒரு பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் முற்றொருமை அல்ல.

அ. எழுதியது (யாழ்ப்பாணம்):

எங்கள் பக்கத்தில் ஈக்விட்டியை 'ஒப்புரவு' என்று எழுதும் வழக்கம் உண்டு. சமத்துவமும் ஒப்புரவும் என்று சேர்த்து எழுதும்போது வேறுபாடு தெளிவாகவே விளங்குகிறது. குறளில் ஓர் அதிகாரமே அந்தச் சொல்லில் இருக்கிறது. ஊருணி நீர் நிறைந்ததுபோல என்ற உவமையும் அங்கேதான். இருக்கிற சொல்லைப் பாவிக்காமல் புதிதாக ஏன் ஒன்றைச் செய்ய வேண்டும்?

'மதம்' என்பதற்குப் பதில் 'சமயம்' என்று எழுதினால் நல்லம். இலங்கைப் பாடசாலையில் சமயம் ஒரு பாடம். மாணவர் தத்தம் சமயத்தைப் படிப்பதால் நேர அட்டவணையே அதன்படி பிரிகிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாத விடுமுறையோடு தனித் தவணை நாட்காட்டி. ஆசிரிய மாணவருக்குச் 'சமய அடையாளம்' புதுப் பேச்சு இல்லை. கணித பாடத்துக்குள்ளும் அது இருக்கிறது என்பதுதான் புதிது.

க. எழுதியது:

ஒப்புரவில் கொடுப்பவன் செல்வன், பெறுபவன் எளியவன். வள்ளல் தன்மை வந்து ஒட்டிக்கொள்ளாதா?

அ. எழுதியது:

அதே அதிகாரத்தின் முதற்குறள் அதைக் கடப்பாடு என்கிறது, கைம்மாறு வேண்டாத கடப்பாடு. கடமைக்கும் கொடைக்கும் வேறுபாடு உண்டு.

செ. எழுதியது (தூத்துக்குடி):

வள்ளல் பொருளைவிட எனக்கு வேறொன்று உறுத்துகிறது. கத்தோலிக்கர் காதில் ஒப்புரவு என்றால் ஒப்புரவு அருட்சாதனம், அதாவது பாவசங்கீர்த்தனம். விவிலியத் தமிழிலும் ஒப்புரவாகுதல் என்றால் பிரிந்தவர் மீண்டும் சேர்வது. தமிழ்நாட்டில் ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் பலவற்றைக் கிறித்தவ அமைப்புகள் நடத்துகின்றன. சமய அடையாளத்தைக் கவனிக்கச் சொல்லும் அலகின் தலைப்பே ஒரு சமயத்தாருக்கு ஒரு பொருளும் மற்றவர்க்கு வேறொரு பொருளும் தந்தால் நகைப்புக்கு இடம்.

ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பது குற்றமில்லை, இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே இரண்டாம் பொருள் தவறான வேலைக்கு இழுத்துப்போகிறது. 'கணித வகுப்பில் சமய ஒப்புரவு' என்று தலைப்புக் கொடுத்துப் பாடக்குறிப்பு கேளுங்கள். பிறை, சிலுவை, ஓம் மூன்றையும் வரைந்த அட்டை வரும். நல்லிணக்க உறுதிமொழி வரும். நிகழ்தகவுக் கணக்கு போன ஆண்டு இருந்தபடியே இருக்கும். நமக்கு வேண்டியது கணக்கில் மாற்றம்.

இ. எழுதியது:

செ. சொல்வதோடு ஒத்துப்போகிறேன். சொல்லைத் தேர்வதற்கு முன் அது எந்த வேலைக்குப் பெயர் என்பதைப் பார்த்துவிடலாம். பாடக்குறிப்பு மட்டத்தில் நான்கு இடங்கள்.

சீட்டுக்கட்டு. பத்தாம் வகுப்பு நிகழ்தகவில் 52 சீட்டு வராத பயிற்சியே இல்லை. சூதாட்டப் பொருள் என்று சமய நம்பிக்கையால் சீட்டை வீட்டில் சேர்க்காத குடும்பங்கள் பல. அந்தப் பிள்ளைக்கு 13 சீட்டு கொண்ட நான்கு வகை, இரண்டு சிவப்பு இரண்டு கறுப்பு, முக அட்டைகள் 12 என்பது தெரியாது. முக அட்டை கிடைக்கும் நிகழ்தகவு 12/52, அதாவது 3/13. விடை தவறினால் ஆசிரியர் 'நிகழ்தகவு புரியவில்லை' என்று குறிப்பார். புரியாதது சீட்டு. கட்டின் அமைப்பை ஒரு சிறு அட்டவணையாகக் கணக்கோடு அச்சிட்டுவிட்டால் தீர்ந்தது. முதல் இரண்டு பாடவேளைக்கு 1 முதல் 52 வரை எண்ணிட்ட துண்டுச் சீட்டுகளை வைத்து நடத்திவிட்டு, தேர்வில் வரும் என்பதால் மூன்றாவதில் சீட்டுக்கட்டுக்கு வரலாம். சீட்டை முற்றாக விலக்குவது தவறு: பொதுத்தேர்வு அதைக் கேட்கும், விலக்கினால் நட்டம் அதே பிள்ளைக்குத்தான்.

வட்டி. இஸ்லாத்தில் வட்டி விலக்கப்பட்டது என்பதால் அந்தப் பாடத்தை நடத்தும்போது முஸ்லிம் மாணவரைப் பார்க்காமல் இருந்துவிடுவது ஒரு தவறு. 'உங்களுக்கு இது கூடாதுதானே' என்று வகுப்பில் கேட்டுவைப்பது அதைவிடப் பெரிய தவறு. கூட்டு வட்டியின் சூத்திரம் வட்டிக்கு மட்டும் சொந்தமில்லை. ஆண்டுக்கு 5% வளரும் 10,000 பேர் கொண்ட ஊரின் மக்கள்தொகை இரண்டாண்டில் 11,025. அதே வீதத்தில் 10,000 ரூபாயும் 11,025. குறியை மாற்றினால் இயந்திரத் தேய்மானம். மக்கள்தொகையில் தொடங்கி, தேய்மானம் வழியாக வட்டிக்கு வந்தால் சூத்திரம் எல்லாருக்கும் பொதுவாகிவிடும். சதவீதப் பயிற்சியில் முஸ்லிம்கள் கொடுக்கும் 2.5% ஜகாத்தும் கிறித்தவர் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கான தசமபாகமும் வரலாம். விதியைக் கணக்கிலேயே எழுதிவிட வேண்டும், அந்தச் சமயத்துப் பிள்ளையை எழுப்பி விளக்கம் கேட்கக் கூடாது.

கோலம். சமச்சீருக்குப் புள்ளிக் கோலம் அருமையான கருவி. 'வீட்டில் போடும் கோலத்தை வரைந்து வா' என்ற வீட்டுப்பாடம்தான் சிக்கல். அது வாசல், தெரு, சமயம், சில ஊர்களில் சாதி எல்லாவற்றையும் ஊகித்துக்கொள்கிறது. புள்ளித்தாளை வகுப்பிலேயே கொடுத்துவிடுங்கள். கூடவே பத்தமடைப் பாயின் பின்னலையும் வையுங்கள். அந்தக் கோரைப்பாயைக் காலங்காலமாக நெய்துவருபவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம்கள், ஆனாலும் அது எல்லா வீட்டிலும் விரிக்கிற பாய். அந்தப் பொதுத்தன்மைதான் அதன் பலம். 'முஸ்லிம் எடுத்துக்காட்டு' என்று பெயர் சூட்டிவிட்டால் பலம் போய்விடும்.

பெயர்கள். பயிற்சி ஆசிரியர் தான் எழுதிய 20 கணக்குகளை எடுத்து, யார் வாங்குகிறார், யார் விற்கிறார், யார் கடன் கொடுக்கிறார், யார் தானம் பெறுகிறார், யார் அளக்கிறார் என்று ஐந்து நெடுவரிசையில் எண்ணிப் பார்க்கட்டும். முதல் திருத்தத்தில் பெரும்பாலும் நடப்பது ராமுவை ரஹீம் ஆக்கி ஆட்டிறைச்சிக் கடையில் உட்காரவைப்பது. பெயர் மாறியது, இருக்கை மாறவில்லை. ராமன், ரஹீம், ராபர்ட் என்று வரிசையாக மூன்று பேரை நிறுத்துவதும் இதே கணக்கில்தான் சேரும். (அந்த மூவரும் மிட்டாயைப் பங்கிட்டுப் பங்கிட்டே ஓய்ந்துபோனார்கள்.)

இன்னொன்று, தேர்வு நேரம். இஸ்லாமிய ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள், ஆகவே ரமலான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வரும். போன ஆண்டுத் திட்டத்தைப் படியெடுத்தால் பொருந்தாது. அந்த மாதத்தில் கடினமான தேர்வை முதல் பாடவேளைக்குக் கொண்டுவரலாம். ஞாயிறு காலைச் சிறப்பு வகுப்பு தேவாலயம் செல்பவரை வெளியே நிறுத்துகிறது. சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றும் இல்லை, அட்வெண்டிஸ்டு சபைக் கிறித்தவர்களுக்கு ஓய்வுநாளே சனிதான்.

'அரசுப் பள்ளியில் சமயப் பேச்சே கூடாது, சட்டம் தடுக்கிறது' என்று பயிற்சி ஆசிரியர்கள் சொல்வதுண்டு. இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் நிலையங்களில் சமயப் போதனையைத்தான் தடுக்கிறது. ஜகாத்துக்கான 1/40 எவ்வளவு என்று கேட்பது போதனை ஆகாது.

க. எழுதியது:

நன்றி, இ. இப்போது சொல் எந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்று தெரிகிறது. 'வாய்ப்பு நியாயம்' எப்படி?

இ. எழுதியது:

வாய்ப்பு ஒரு பகுதிதான். அமெரிக்கக் கணிதக் கல்வி ஆய்வாளர் ரோஷெல் குட்டியரெஸ் ஈக்விட்டியை நான்காகப் பிரிக்கிறார்: ஆக்சஸ், அச்சீவ்மென்ட், ஐடென்டிட்டி, பவர். தமிழில் அணுகல், அடைவு, அடையாளம், அதிகாரம் என்றால் நான்கும் அகரத்தில் தொடங்கி நினைவில் நிற்கும். சீட்டுக்கட்டு அட்டவணை அணுகல். எந்தச் சூழல் கணக்காகும் என்று முடிவுசெய்வது யார் என்பது அதிகாரம். 'வாய்ப்பு' என்று தொடங்கினால் முதலாவதோடு நின்றுவிடும்.

செ. எழுதியது:

'நிகர்ப்பாடு'? சமன்பாடுபோலவே ஒலிக்கிறது. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் தோற்றத்தில் வேறு, மதிப்பில் ஒன்று. கணித ஆசிரியருக்கு உடனே பிடிபடும்.

க. எழுதியது:

பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் 'நிகர்' இன்று 'போல' என்றாகிவிட்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம், மெய்நிகர் வகுப்பு. நிகர்ப்பாடு என்றால் ஈக்விட்டி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைப்பார்கள். நிகர லாபம் வேறு இருக்கிறது.

அ. எழுதியது:

அப்படியானால் வெறும் 'நியாயம்' என்றே விடலாம். கல்வி நியாயம், நியாயமான மதிப்பீடு, நியாயமின்மை. வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் 'இது நியாயமா?' என்று பிள்ளையே கேட்கிற சொல் அது. எங்கள் பதிப்பில் ஒப்புரவு தொடரட்டும்.

ம. எழுதியது:

வரைவில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

*கல்வி நியாயம்:* எல்லா மாணவரும் கணிதத்தை அணுகவும், அதில் அடைவு பெறவும், தம் அடையாளத்தை மறைக்காமல் பங்கேற்கவும், எது கணக்காகும் என்பதில் குரல் பெறவும் பாடத்தை அமைத்தல். ஒரே பொருளை எல்லாருக்கும் தருவதான சமத்துவத்திலிருந்து வேறானது. இலங்கை வழக்கு: ஒப்புரவு.

*சமய அடையாளம்:* ஒருவர் தம்மை எந்தச் சமயத்தவராகக் கருதுகிறார், எவ்வளவு கருதுகிறார் என்பது. பெயரையோ உடையையோ பார்த்து ஆசிரியர் ஊகிப்பது 'சாற்றிய அடையாளம்'. திருநீறு, தொப்பி, சிலுவை முதலியவை 'சமயச் சின்னம்'. இவற்றை அடையாளம் என்று எழுதக் கூடாது.

*கணிதத் தன்னடையாளம்:* கணிதம் செய்யக்கூடியவராகத் தம்மை ஒருவர் எந்த அளவுக்குக் காண்கிறார் என்பது.

'சாற்றிய' என்பது கொஞ்சம் பழைய வாடை. 'சுமத்திய' என்றால் குற்றம் சுமத்திய என்பதுபோல் ஆகிறது. இதற்கு மட்டும் வேறு சொல் இருந்தால் வெள்ளிக்குள் அனுப்புங்கள், ஆறாம் அலகு திங்களன்று அச்சுக்கோப்புக்குப் போகிறது.