அக்காவுக்குத் தமிழில் கவுன்சலிங் தேவை, மட்டக்களப்பு

கல்லடியில் இருந்து எழுதுகிறேன். அக்காவுக்கு வயது 34. ஒன்றரை வருடமாக இரவிரவாக பேஸ்புக் லைவ் பார்த்து சாறி, சுரிதார் என்று ஓடர் போடுகிறா. கட்டிலுக்கு அடியில் 23 பார்சல், ஒட்டின டேப்கூடப் பிரிக்கவில்லை. பார்சல் வந்த அன்றைக்குச் சந்தோஷம், அடுத்த நாள் அழுகை. போன மாதம் தாலிக்கொடியும் அடகுக்குப் போய்விட்டது.

வங்கிக் கார்டை வாங்கி வைத்தோம். சாமான் வந்த பிறகு காசு கொடுக்கலாம் என்பதால் பலனில்லை. ஏசினோம், அப்புறம் ஒளித்து வாங்கத் தொடங்கிவிட்டா. அது எங்கள் பிழை. இது ஒரு நோய் என்றுதான் நினைக்கிறேன். 1926 மனநல இலக்கத்துக்கு எடுக்கச் சொன்னேன்; முகம் பார்த்துத்தான் கதைப்பாவாம்.

மட்டக்களப்பு டவுனில் இதற்குத் தமிழில் கவுன்சலிங் செய்கிற, சனி ஞாயிறிலும் பார்க்கிற யாரையாவது தெரியுமா?