மாசமா இருக்கவ கம்மியா திங்கணுமாம், நெசமா?

உசிலம்பட்டி பக்கம் நாங்க. தம்பி பொண்டாட்டிக்கு 6 மாசம், ரத்தத்துல ஹெச்பி (ஹீமோகுளோபின்) 8.6தான், அப்பத்தா என்னடான்னா பிள்ளை பெருசானா ஆபரேஷன்தான்னு சோத்தை அளந்து போடுது, இவளும் இரும்பு மாத்திரையை டீயோட முழுங்குறா. என்ன செய்ய?

மேலூர்க்காரி: டீயோட போட்டா சத்து ஒடம்புல சேராதுக்கா. எலுமிச்சை ஜூஸோட போடச் சொல்லுங்க, கால்சியம் மாத்திரை வேற நேரத்துக்கு. வெளிக்கி கறுப்பா போகும், அதைப் பாத்து பயந்து நிறுத்திராதீக.

நர்ஸக்கா: 8.6 கம்மிதான், ஆரம்ப சுகாதார நிலையத்துல காமிங்க, தேவைப்பட்டா இரும்புச்சத்தை ஊசில ஏத்துவாங்க. 2.5 கிலோவுக்கு கீழ பொறந்தா சூடு தங்காது, பால் குடிக்கவும் தெம்பிருக்காதுன்னு அப்பத்தாட்ட சொல்லுங்க. முட்டை, கேப்பைக்கூழ், முருங்கக்கீரை, நெலக்கடலை எல்லாம் குடுங்க.

திருமங்கலத்தான்: பிக்மி நம்பர், அதான் கர்ப்பத்தைப் பதிஞ்சா குடுக்குற நம்பர், வாங்கியாச்சா? அது இல்லாம முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக் காசு வராது.