பொங்கல் மடலில் ஒட்டின கிளே பானை வெடிக்குது, மட்டை வளையுது. உதவி தேவை

கடுதாசிப்பூ (கொக்குவில்):
தைப்பொங்கலுக்குக் கையால் வாழ்த்து மடல் செய்கிறேன். பிரிஸ்டல் போர்ட் மட்டையை மடித்து, முன்பக்கத்தில் எயார் ட்ரை கிளேயில் (சுடாமல் காற்றிலேயே காய்ந்து இறுகும் களி) ஒரு பானை, இரண்டு கரும்பு. கனடாவில் இருக்கும் சித்தி 20 மடல் கேட்டிருக்கிறா. முதல் 6 மடலும் பாழ். செய்த அன்றைக்கு வடிவாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் பார்த்தால் மட்டை ஓரங்கள் அப்பளம் மாதிரி மேலே எழும்பிக் கிடக்கின்றன. பானையின் கழுத்தடியில் மயிரிழைபோல வெடிப்பு. கரும்பைத் தொட்டேன், கழன்று கையோடு வந்துவிட்டது. மழைக்காலம் என்று மேசை ஃபேனை நேரே பிடித்து வைத்தேன். அது பிழையோ?

மாவிலை:
கிளேயை ஈரமாகவே மட்டையில் வைத்தீர்களா? பானை எவ்வளவு தடிப்பு?

கடுதாசிப்பூ:
ஓம், ஈரமாகத்தான். மட்டையிலேயே வைத்து உருவம் எடுத்தேன். பானை வயிறு அரை அங்குலம் வரும்.

மாவிலை:
அதுதான் சங்கதி. இந்தக் கிளே தண்ணீர் போய்த்தான் இறுகும், போகும்போது சுருங்கும். ஈரத்தில் ஒட்டினால் மட்டை ஒரு பக்கம் தண்ணீரை உறிஞ்சி ஊதும். பிறகு சுருங்குகிற கிளே மட்டையையும் சேர்த்து இழுக்கும், ஓரம் மேலே வரும். ஃபேனும் உதவவில்லை: மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரம், அதனால் வெடிப்பு. தடித்த வயிற்றுக்கும் மெல்லிய கழுத்துக்கும் நடுவில்தான் முதலில் விடும்.

உருவத்தைத் தனியாகச் செய்யுங்கள், 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிப்பு போதும். பழைய நுளம்பு வலைத் துண்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதன்மேல் வையுங்கள், அடியிலும் காற்றுப் படும். அரைநாளுக்கு ஒருக்கால் புரட்டுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, பின்பக்கத்தைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது.

பழைய தகரம்:
ஏன் இவ்வளவு பாடு? ஓவனில் 10 நிமிடம் வைத்தால் கெதியாகக் காயும்.

மாவிலை:
அண்ணை, வேண்டாம். ஃபேன் செய்த அதே வேலையை ஓவன் இன்னும் கெட்டித்தனமாகச் செய்யும். சூட்டில் சுடுகிற பொலிமர் கிளே வேறு சாமான்.

சட்டிக்காரி:
பிள்ளை, கடைக் கிளே முடிந்தால் நான் கிண்டுவது இதுதான்: கோன்ஃப்ளவர் ஒரு கப், தச்சு வேலைக்கு எடுக்கிற பைண்டர் கம் ஒரு கப், பேபி ஒயில் ஒரு மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி. புளி பூஞ்சணத்தைத் தள்ளிப் போடும். குறைந்த நெருப்பில் சட்டியை விட்டு உருண்டு வரும்வரை கிண்டி, சூடு ஆறியதும் கையில் எண்ணெய் தடவிப் பிசைந்து பொலித்தீனில் சுற்ற வேண்டும். அந்தச் சட்டியில் பிறகு சமைக்க வேண்டாம். இதுவும் சுருங்கும், பானையைக் கொஞ்சம் பெரிதாகவே செய்யுங்கள்.

கடுதாசிப்பூ:
சரி அக்கா. வெடித்த பானைகளை எறிவதா?

சட்டிக்காரி:
எறியாதீர்கள். அதே கிளேயில் துளித் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, ஊசி முனையால் வெடிப்புக்குள் தள்ளுங்கள். காய்ந்தபின் மெல்லிய அரத்தாளில் தேய்த்து அக்ரிலிக் பெயின்ற் அடித்தால் ஒருவருக்கும் தெரியாது. வார்னிஷ் மட்டும் முழுக்கக் காய்ந்த பிறகுதான்.

மாவிலை:
தபாலில் அனுப்பினால் இன்னொன்று. சர்வதேசத் தபாலில் சின்னக் கடிதம் என்று எடுப்பது 5 மில்லிமீட்டர் தடிப்பு வரைக்கும்தான். பானை அதைத் தாண்டினால் காசும் கூடும், உடைகிற வாய்ப்பும் கூடும். காய்ந்த துண்டை இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டுங்கள், தண்ணீர்ப் பசை வேண்டாம்.

கடுதாசிப்பூ (4 நாள் கழித்து):
வலையில் காய வைத்த 8 பானையில் 7 சுத்தம். ஒட்டி இரண்டு நாளாகியும் மட்டை நேராகவே நிற்கிறது. எட்டாவதைத் தங்கச்சி கன்னத்தில் வைத்துப் பார்க்கப்போய்க் கீழே போட்டுவிட்டாள். கரும்பின் கணுவை எப்படிக் கீறுவது என்று ஆராவது சொல்லுங்கோ, கத்தி பட்டால் துண்டாகிறது.

சட்டிக்காரி:
கத்தி வேண்டாம் பிள்ளை. ஈரமாக இருக்கும்போதே தையல் நூலை ஒரு சுற்றுச் சுற்றி மெல்ல இறுக்கி எடுங்கள்.