ஊட்டிக்கு 14 டி-ஷர்ட்: படம் ஒட்டத் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மே மாசம் குடும்பமா ஊட்டி போறோம். அம்மாச்சிக்கு 75 வயசு, மலை ரயில் ஏறப்போறது இதுதான் முதல் தடவை. மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல 14 பேரும் ஒரே மாதிரி சட்டையில நிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. திருப்பூர்ல கருநீல காட்டன் டி-ஷர்ட் எடுத்தாச்சு. டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல (அயர்ன் பண்ணினா படம் துணியில ஒட்டிக்கிற தாள்) ரயில் படத்தை இங்க்ஜெட் பிரிண்டர்ல அச்சடிச்சு, ஒரு சட்டையில ஒட்டிப் பார்த்தேன். எழுத்து இடவலம் மாறிடுச்சு, படம் தெரியவே இல்லை.

பதில் 1:
நீங்க வாங்கினது வெளிர்நிறத் துணிக்கான பேப்பர். இங்க்ஜெட் பிரிண்டர்ல வெள்ளை மை கிடையாது, அதான் கருநீலத்துல படம் அமுங்கிடுச்சு. அடர்நிறத் துணிக்கான பேப்பர்னு கேட்டு வாங்குங்க. அதுக்குப் படத்தை இடவலமாத் திருப்பாம அப்படியே அச்சடிக்கணும். ஓரத்தை வெட்டி, பின்தாளை உரிச்சு, படம் மேலே தெரியற மாதிரி வச்சு, கூட வர்ற தாளை மேல போட்டுத் தேய்ங்க.

பதில் 2:
அயர்ன் பாக்ஸ்ல ஆவி வரவே கூடாது. மெத்தை விரிச்ச அயர்ன் பலகை வேண்டாம், கெட்டியான மேசைமேல ஒரு பருத்தித் துணி போதும். முதல்ல சட்டையைத் துவைச்சுக் காயவைங்க. ஓரங்களை நல்லா அழுத்துங்க, உரியறது அங்கேருந்துதான். ஒட்டின பிறகு ஒரு நாள் தண்ணி படக்கூடாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க! அம்மாச்சி சேலைதான் கட்டுவாங்க. அவங்களுக்கு என்ன பண்றது?

பதில் 1:
வெள்ளைத் துணிப்பை ஒண்ணுல ஒட்டிக் கொடுங்க. முதல்ல வாங்கின வெளிர்நிறத் துணிக்கான பேப்பர்ல மிச்சமிருக்கிறதே அதுக்குப் போதும், படத்தை மட்டும் இடவலமாத் திருப்பி அச்சடிங்க. வெத்தலைப் பெட்டி வச்சுக்குவாங்க.