உதவி: நிட்டினால் ஃபிலிம் உரியுது, டிஎஸ்சில ஒண்ணுமே வரல

கேட்டவர் (ஸ்பட்டர் சிஷ்யன்):
வணக்கம். டிசி மேக்னட்ரான் ஸ்பட்டரிங்ல (டார்கெட்ங்கற உலோகத் தட்டுலருந்து பிளாஸ்மா வச்சு அணுக்கள பேத்து படிய வைக்கறது) நிக்கல் டைட்டானியம் ஃபிலிம் போட்டுட்டு இருக்கேன், அதான் நிட்டினால், வளைச்சாலும் சூடு பட்டா பழைய வடிவத்துக்குத் திரும்பற கலவை. 50:50 டார்கெட், வெறும் சிலிக்கான் வேஃபர் மேல 1.5 மைக்ரான். ரூம் டெம்பரேச்சர்ல போடறதால அமார்ஃபஸ்ஸாதான் (படிக ஒழுங்கு இல்லாம) வரும்னு தெரியும், அதனால ஆர்கான் ஓடற டியூப் ஃபர்னஸ்ல 550 டிகிரில 1 மணி நேரம் சூடு காட்டி அனீல் பண்றேன். வெளிய எடுத்தா ஓரத்துல தோல் மாதிரி உரிஞ்சு வருது, மேல ஒரு மாதிரி தங்க நிறம் வேற. டிஎஸ்சில (படிக வடிவம் மாறும்போது உள்ள போற, வெளிய வர்ற வெப்பத்த அளக்கற மெஷின்) 30லருந்து 150 டிகிரி வரைக்கும் கோடு தட்டையா போகுது. எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே வச்சு படிக வடிவம் பாக்கறது) 42.4 கிட்ட ஒரே ஒரு பெரிய பீக், பக்கத்துல பேர் தெரியாத சின்னது ரெண்டு மூணு. எந்த உலோகம் எவ்வளவுன்னு அளக்கற ஈடிஎஸ் 50.8 சதவீதம் நிக்கல்ங்குது. மூணு மாசம் போச்சுங்க, கைட் மூஞ்சிய பாக்கவே பயமா இருக்கு.

லேப் பூனை:
வேஃபரோட அப்படியேவா டிஎஸ்சில போட்டீங்க? 1 சதுர செ.மீ.க்கு உங்க ஃபிலிம் எடை ஒரு மில்லிகிராம்தான் இருக்கும், அடியில சிலிக்கான் 100 மில்லிகிராமுக்கு மேல. பீக் எங்கருந்து தெரியும்!

வேக்கம் வாத்தியார்:
பூனை சொல்றது சரிதான், ஆனா அது பாதி. தம்பி, அந்த 42.4 பீக்கே பதில் சொல்லிடுச்சே, அது ஆஸ்டினைட், சூட்டுல இருக்கற படிக வடிவம், குளிர்ந்தாதான் மார்டென்சைட்ங்கற இன்னொரு வடிவமா மாறும். ரூம் டெம்பரேச்சர்ல ஃபிலிம் ஏற்கனவே ஆஸ்டினைட்டா இருக்குன்னா மாற்றம் அதுக்கும் கீழ எங்கயோ நடக்குது, நீங்க மேல போய் தேடறீங்க. 50:50 டார்கெட்ல போட்டா ஃபிலிம்ல டைட்டானியம் கொறஞ்சுதான் வரும், இது எல்லாருக்கும் நடக்கறதுதான். நிக்கல் பக்கம் 0.1 சதவீதம் ஏறினாலே மாற்ற வெப்பநிலை 10 டிகிரி கிட்ட விழும். ஈடிஎஸ்ஸுக்கு ஒரு சதவீதமே முன்ன பின்ன ஆகும், அத நம்பி 50.8னு சொல்றது மாட்டுத் தராசுல தங்கம் நிறுக்கற கதை.

உரியறதுக்கும் காரணம் பாதி இதேதான். ஆஸ்டினைட்டோட விரிவு ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்துல 11, சிலிக்கானுக்கு 2.6, அதனால 550லருந்து இறங்கும்போது ஃபிலிம் சுருங்கப் பாக்குது, வேஃபர் விட மாட்டேங்குது, சில நூறு மெகாபாஸ்கல் இழுவிசை ஏறிடும். வழியில மார்டென்சைட்டா மாறியிருந்தா அந்த இழுவிசை தளர்ந்திருக்கும், உங்களுது மாறாமலே ரூம் டெம்பரேச்சர் வரைக்கும் வந்துடுது. மீதிப் பாதி, சின்ன பீக் எல்லாம் பெரும்பாலும் சிலிசைடு, நிக்கல் சிலிக்கானுக்குள்ள போய் கலந்திருக்கும். அரை மைக்ரான் தெர்மல் ஆக்சைடு வளர்த்த வேஃபர் வாங்குங்க. தங்க நிறம் ஆக்சிஜன், சாம்பிள டைட்டானியம் ஃபாயில்ல பொதிஞ்சு அனீல் பண்ணுங்க, ஆக்சிஜன அது முதல்ல தின்னுடும்.

டிஎஸ்சிய விடுங்க, ஃபோர் ப்ரோப் (நாலு முனை வச்சு மின்தடை அளக்கறது) வச்சு லிக்விட் நைட்ரஜன் ஆவில தொங்க விட்டு ரெசிஸ்டன்ஸ் பாருங்க.

ஸ்பட்டர் சிஷ்யன்:
பாத்தேன் சார்! 5 டிகிரி கிட்ட ரெசிஸ்டன்ஸ் ஏற ஆரம்பிக்குது, -50 தாண்டினதும் இறங்குது. டிஎஸ்சி கூலிங் ரிப்பேர்னு 30லருந்து ஆரம்பிச்சேன், அதுதான் தப்பு.

வேக்கம் வாத்தியார்:
ஏறறது ஆர் ஃபேஸ், ரெண்டுக்கும் நடுவுல வர்ற வடிவம், இறங்கறது மார்டென்சைட். ஃபிலிம் உயிரோடதான் இருக்கு. டார்கெட் கீழ படுத்திருக்கா?

ஸ்பட்டர் சிஷ்யன்:
ஆமா சார், சப்ஸ்ட்ரேட்தான் (வேஃபர்) மேல.

வேக்கம் வாத்தியார்:
அப்ப சுலபம். டார்கெட்ல தேஞ்சு பள்ளம் விழுந்திருக்குமே, அந்த வட்டத்துல சின்ன சின்ன டைட்டானியம் துண்டு சமமா பரப்பி வைங்க. டைட்டானியம் பக்கம் லேசா சாஞ்சா பரவால்ல, அங்க வெப்பநிலை அவ்வளவா ஆடாது. ஷட்டர மூடி அரை மணி நேரம் ப்ரீ ஸ்பட்டர் (வேஃபர் மேல படாம டார்கெட்ட ஓட்டறது) பண்ணாம ஃபிலிம் போடாதீங்க.

லேப் பூனை:
ஒரு ஓரத்துல மார்க்கர்ல கோடு போட்டுட்டு ஃபிலிம் போடுங்க, அனீலுக்கு முன்னாடி அசிட்டோன்ல முக்கினா அந்த இடம் மட்டும் தனியா கழண்டு வரும். டிஎஸ்சிக்கு அத கொடுங்க.

ஸ்பட்டர் சிஷ்யன் (ரெண்டு வாரம் கழிச்சு):
நாலு துண்டு வச்சேன், பத்தல, ஆறு வச்சேன். ஆக்சைடு வேஃபர்ல உரியல, நிறமும் வெள்ளி மாதிரி இருக்கு. பூனை சொன்ன மாதிரி கழட்டி தட்டையா அனீல் பண்ண துண்ட ஊசில சுத்தினேன், சுருண்டே கிடந்துச்சு, 90 டிகிரி ஹாட் பிளேட்ல வச்சதும் ஒரு நொடில விரிஞ்சுடுச்சு. கைட் கிட்ட வீடியோ காட்டினேன். பாத்துட்டு, இன்னும் மூணு சாம்பிள் ரிப்பீட் பண்ணுன்னாரு.