செட்டிநாட்டு வீடு ஒன்றை ஒளிப்படத்தோடு காணொளியாகவும் எடுப்பது: அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி

முற்றத்துவெயில் (கேள்வி)

வணக்கம். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு 9 ஆண்டுகளாகக் கட்டடக்கலைஞர்களுக்கு ஒளிப்படம் எடுத்துக் கொடுத்து வருகிறேன். முக்காலி, 24 மிமீ ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவைச் சாய்க்காமலே காட்சியை மேலும் கீழும் நகர்த்தித் தருவது), ஒரு காட்சிக்கு வெவ்வேறு வெளிச்ச அளவில் ஐந்தாறு எக்ஸ்போஷர், பிறகு கணினியில் அவற்றை ஒன்று சேர்ப்பது என்பதே என் வேலைமுறை. அடுத்த மாதம் கானாடுகாத்தானுக்கு அருகில் செப்பனிடப்பட்ட பழைய வீடு ஒன்றை எடுக்க வேண்டியுள்ளது. வழக்கமான 20 படங்களோடு இரண்டரை நிமிடக் காணொளி ஒன்றும் வேண்டும் என்று அந்த வீட்டைச் செப்பனிட்டவர் கேட்கிறார். இரண்டு நாள் கிடைக்கும்.

என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஓர் அடுக்குமாடி வீட்டைக் கிம்பலில் (கேமராக் குலுக்கலைக் குறைக்கும் கைப்பிடியில்) 16 மிமீ அகல லென்ஸ் மாட்டி, அறை அறையாக நடந்து எடுத்தேன். திரும்பும் இடமெல்லாம் சுவர்கள் ஓரத்தில் இழுபட்டு நீண்டன. கூரை விளக்குகள் திரையில் பட்டை பட்டையாக ஓடின. கூடத்தின் வெள்ளைச் சுவர் ஜன்னல் பக்கம் நீலமாகவும் விளக்குப் பக்கம் மஞ்சளாகவும் மாறிக்கொண்டே இருந்தது. பார்த்த வாடிக்கையாளர், வீடு விற்பனைக்கு வந்தது போல் இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரிதான். என் படங்களில் அந்த வீட்டுக்கு இருந்த அமைதி காணொளியில் இல்லை.

தொழில்நுட்பப் பிழைகளை எப்படித் திருத்துவது என்பது என் முதல் கேள்வி. அதைவிட என்னை அரிக்கும் கேள்வி வேறு. ஒரு நல்ல படம் ஏற்கெனவே காட்டிவிட்டதை மறுபடியும் அசையும் வடிவில் காட்டுவதில் பயன் இல்லை என்றே எண்ணுகிறேன். அப்படியானால் அந்த வீட்டில் காணொளிக்கென்று எஞ்சி நிற்பது எது?

---

தேக்குத்தூண்

முதலில் பிழைகளைப் பார்ப்போம். அவற்றுக்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

விளக்குப் பட்டைகள் மின்சாரத்தால் வந்தவை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பொலிகின்றன. கேமராவை நொடிக்கு 25 ஃப்ரேமில் வைத்து ஷட்டரை 1/50 நொடி ஆக்கினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்கிவிடும், பட்டை தெரியாது. 50 ஃப்ரேமில் எடுத்தால் 1/100. நீங்கள் 60 ஃப்ரேமும் 1/125-உம் வைத்திருந்தீர்கள் என்று ஊகிக்கிறேன். மங்கலாக்கும் திருகு வைத்த மலிவான எல்இடி விளக்குகள் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாமல் போகலாம். அவற்றை முழு வெளிச்சத்தில் வைத்துச் சோதித்துப் பாருங்கள், அப்போதும் துடித்தால் அணைத்துவிடுங்கள்.

நிறம் மாறியது, எது வெள்ளை என்று கேமரா தானே கணிக்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸால். அதை ஒரே கெல்வின் எண்ணில் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) பூட்டிவிட வேண்டும். பகல் வெளிச்சம் 5600 அளவிலும் மஞ்சள் குண்டு விளக்கு 2700 அளவிலும் இருக்கும்போது இரண்டையும் ஒரே காட்சியில் வெள்ளையாக்க எந்தக் கேமராவாலும் முடியாது. ஒளிப்படத்தில் நாம் பகுதி பகுதியாகத் திருத்திவிடுகிறோம். நகரும் காட்சியில் அந்தத் திருத்தம் பெரும் உழைப்பு. பகலில் அந்த வீட்டின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு எடுங்கள். முற்றத்திலிருந்து வரும் வெளிச்சத்தை நம்பிக் கட்டிய வீட்டுக்கு அதுவே நியாயமும் கூட.

ஷட்டர் 1/50-இல் நின்றுவிட்டதால் வெயிலில் வெளிச்சம் மிஞ்சும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 800, லென்ஸ் திறப்பு எஃப்/8 என்று வைத்தால் நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்) அதிகமாக வரும். அதற்கு வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும் என்டி64 ஃபில்டர் போதும். திருகித் திருகி அடர்த்தி மாற்றும் ஃபில்டரை அகல லென்ஸில் போடாதீர்கள், சுண்ணச் சுவரின் மேல் எக்ஸ் வடிவில் ஒரு நிழல் விழும். சுவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முட்டை வெள்ளைக் கரு கலந்து இழைத்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு போல் இருக்கும். வெளிச்சம் அதில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மிக மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். காணொளியை 8 பிட்டில் பதிந்தால் ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டுமே இருப்பதால் அந்தக் குறைவு படிக்கட்டுப் போல் உடைந்து தெரியும். 10 பிட்டில் 1024 படிகள். மற்ற வீடுகளில் எப்படியோ, இங்கே 10 பிட் கட்டாயம்.

இழுபட்ட சுவர்களுக்கு மருந்து எளிது: 16 மிமீயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நின்ற படத்தில் ஓரத்து நீட்சியைக் கண் பொறுத்துக்கொள்ளும். கேமரா திரும்பும்போது அந்த நீட்சியே அசைவாகிவிடுகிறது. 24 மிமீக்குக் குறையாமல் இருங்கள், முடிந்தவரை 35 மிமீ. கேமராவை மட்டமாக வைத்து, உயரம் வேண்டுமென்றால் ஷிஃப்ட் செய்யுங்கள். 24 மிமீயை எஃப்/8-இல் வைத்து 2.4 மீட்டரில் குவித்துவிட்டால் 1.2 மீட்டர் முதல் தொலைவு வரை தெளிவாக இருக்கும். அதன்பின் ஃபோகஸைத் தொட வேண்டியதே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், கேமரா அசைய வேண்டாம் என்பதே. முக்காலியில் நிறுத்தி, ஒரு காட்சியை 20 நொடி ஓடவிடுங்கள். வளவில் (நடு முற்றப் பகுதியில்) தூண் நிழல் நகர்வதும், கொடியில் காயும் துணி ஆடுவதும், யாரோ ஒருவர் ஓரத்தில் கடந்து போவதுமே அசைவு.

---

இரண்டாங்கட்டு

நான் கட்டடக்கலை படித்தவன். பழைய வீடுகளை அளந்து வரைபடமாக்கும் வேலையில் சில ஆண்டுகள் அந்தப் பகுதியில் இருந்திருக்கிறேன். மேலே உள்ள நண்பர் சொன்னவற்றில் பெரும்பாலானவை எனக்கும் உடன்பாடு. கேமரா அசையவே கூடாது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. காரணம் அந்த வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற நீண்ட வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்; வாசல்கள் நேர்கோட்டில் அமைந்திருப்பதால், எல்லாக் கதவும் திறந்திருக்கும்போது தலைவாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் ஒரு சிறு சதுரமாகத் தெரியும். அந்தக் கோட்டில் நடப்பவர் வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைகிறார், வளவில் வெயிலைக் காண்கிறார், மறுபடி இருட்டுக்குள் போகிறார். ஒவ்வொரு முறையும் கண் பழக இரண்டொரு நொடி ஆகிறது. நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்க வேண்டியிருக்கிறது. மூத்த பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரையும் உங்கள் படங்களில் நன்றாகவே வரும். ஆனால் இந்த இருட்டு வெளிச்சத் தாளத்தை 20 படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் காட்ட முடியாது. உங்கள் காணொளிக்கு எஞ்சி நிற்பது இதுதான் என்பது என் திடமான எண்ணம்.

கட்டடத்தை நடந்தே அறிய வேண்டும் என்று நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி லெ கொர்பூசியே வற்புறுத்தினார். கொழும்பு 33-ஆம் ஒழுங்கையில் இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இணைத்து உருவாக்கிய தம் இல்லமும் அப்படிப்பட்டதே. அதன் நடைவழியையும் ஒளி விழும் சிறு முற்றங்களையும் எத்தனையோ அழகிய படங்களில் பார்த்திருந்தாலும், எதற்குப் பின் எது வருகிறது என்பது படங்களிலிருந்து பிடிபடுவதில்லை.

ஆகவே ஒரே ஒரு நடைக்காட்சி எடுங்கள். தலைவாசலிலிருந்து இரண்டாங்கட்டு வரை, திரும்பாமல், நேர்கோட்டில், ஆள் நடக்கும் வேகத்தில் பாதியாக. பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்து பார்த்த வீடு அது, கேமராவை 1.2 மீட்டர் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். எக்ஸ்போஷரை வளவுக்குப் பொருத்திப் பூட்டிவிடுங்கள். இடைவழிகள் இருட்டாக வரட்டும், இருட்டாகத்தான் இருக்கின்றன. ஒளிப்படத்தில் நாம் ஐந்து எக்ஸ்போஷரைச் சேர்த்து எல்லா மூலையையும் வெளிச்சமாக்கிவிடுகிற பழக்கம் அந்த வீட்டுக்கு நாம் செய்யும் அநீதி என்று எனக்குப் பல நாளாக மனக்குறை உண்டு.

---

மழைக்குழாய்

ஒலியைப் பற்றி இதுவரை யாரும் பேசாததால் எழுதுகிறேன். காணொளிக்கு இசை போடுவதற்கு முன் அந்த வீட்டின் ஒலியைக் கேளுங்கள். முகப்பில் தெருச் சத்தம் இருக்கும். வளவுக்குள் வந்ததும் அது அடங்கி, வானம் திறந்திருப்பதால் குருவிச் சத்தம் மேலிருந்து விழும். அடுத்த கட்டுக்குள் நம் காலடிச் சத்தமே சுவரில் பட்டுத் திரும்பும். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் யாரும் பேசாமல் 2 நிமிடம் தனிக்கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். தலைவாசலின் தாழ்ப்பாள் விழும் ஓசை, ஆத்தங்குடித் தரையில் வெறுங்கால் நடக்கும் ஓசை ஆகியவற்றைத் தனியே மைக்கை நெருக்கி எடுத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிகளையும் குளிர்ப்பெட்டியையும் பதிவின்போது நிறுத்திவைத்து, முடிந்ததும் மறக்காமல் மறுபடி போடுங்கள். ஒரு முறை நான் குளிர்ப்பெட்டியைப் போட மறந்ததால் அந்த வீட்டார் மறுநாள் பாலையும் மாவையும் கொட்ட நேர்ந்தது. இன்றும் அதை நினைத்தால் வருந்துகிறேன்.

மழை வந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வளவுக்கு ஓடுங்கள். நான்கு பக்கக் கூரையின் நீரும் அங்கே வந்து விழும்படி கட்டிய வீடு அது.

---

முற்றத்துவெயில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடைக்காட்சி என்னும் யோசனை என் குழப்பத்தைப் பெரிதும் தீர்த்துவிட்டது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. நான் எடுக்கும் ஒளிப்படங்களையே காணொளிக்குள் மெதுவாக நகர்த்திப் பயன்படுத்தலாமா? இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் மாறி மாறிச் செய்வதா, நாளுக்கு ஒன்றாகச் செய்வதா?

---

தேக்குத்தூண்

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: இந்த வீட்டுக்கு ஒரு நடைக்காட்சி தேவை என்று இரண்டாங்கட்டு எழுதியது சரி. நான் எடுத்த வீடுகள் பெரும்பாலும் சிறியவை, அதனால் எனக்கு அது தோன்றவில்லை. கிம்பல் இருந்தும் ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் குலுங்கும் என்பதால் முழங்காலை மடக்கி நடந்து பழகிக்கொண்டு போங்கள். நிலைப்படிகள் உங்களை நிச்சயம் தடுக்கும். முன்னால் ஒருவர் பின்னோக்கி நடந்து வழி சொல்வதைவிட, பக்கவாட்டில் ஒருவர் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வது நல்லது.

படங்களை நகர்த்துவது பற்றி: 45 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 8,200 பிக்சல் அகலம், 4கே காணொளி 3,840 என்பதால் நகர்த்த இடம் தாராளமாக உண்டு. ஆனால் நகரும்போது முன்னால் உள்ள தூணும் பின்னால் உள்ள சுவரும் ஒன்றாகவே நகரும். ஆழம் செத்துவிடும். ஆகவே தட்டையான பொருள்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்: நிலையின் மேல் உள்ள செதுக்கல், தரையின் பூ வேலை, சுவர். வளவையோ தூண் வரிசையையோ அப்படி நகர்த்தாதீர்கள்; அவற்றுக்கு ஸ்லைடரில் (கேமராவை வழுக்கி நகர்த்தும் தண்டில்) அரை மீட்டர் நகர்ந்தாலே போதும், தூண்கள் ஒன்றையொன்று கடந்து அந்த இடம் எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடும். படங்களை நகர்த்தாமலே வெட்டி அடுக்குவதும் ஒரு வழிதான். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1949-இல் தங்களுக்குக் கட்டிக்கொண்ட கலிஃபோர்னியா வீட்டைப் பற்றி 1955-இல் ஒரு குறும்படம் செய்தார்கள். அது முழுக்க ஒளிப்படங்களால் ஆனது. படம் எடுக்கத் தெரிந்தவருக்கு அது நல்ல பாடம்.

இரண்டு நாளையும் வேலையால் பிரிக்காமல் வெளிச்சத்தால் பிரியுங்கள். முதல் நாள் காலையில் கேமராவையே எடுக்காமல், வெயில் எந்த மணிக்கு எந்தத் தூணில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை தொடக்கத்தில் உச்சி வெயில் வளவுக்குள் செங்குத்தாக இறங்கும். மார்கழியில் நடுப்பகலிலும் நிழல் வடக்கே சாய்ந்து கிடக்கும். எனவே நீங்கள் போகும் மாதத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். பிறகு ஒவ்வோர் இடத்திலும் முக்காலியை நிறுத்திப் படத்தை எடுத்து முடித்ததும், அதே இடத்தில் கேமராவைக் காணொளிக்கு மாற்றி 20 நொடி ஓடவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே கெல்வின் எண், இரண்டிலும் தொடக்கத்தில் 24 கட்ட நிற அட்டை. ஆத்தங்குடி மஞ்சள் படத்தில் ஒரு மஞ்சளாகவும் காணொளியில் வேறு மஞ்சளாகவும் இருந்தால் செப்பனிட்டவர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

அந்தி நேரத்தை மட்டும் முன்பே பங்கிட்டுவிடுங்கள். நம் ஊரில் உள் விளக்கும் வெளி வானமும் ஒத்துப்போகும் வெளிச்சம் 20 நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. முதல் நாள் அந்தி ஒளிப்படத்துக்கு, இரண்டாம் நாள் அந்தி காணொளிக்கு.

---

இரண்டாங்கட்டு

ஒரு சிறு சேர்க்கை. வளவைச் சுற்றியுள்ள சுவர்களில் பெல்ஜியம் கண்ணாடிகள் மாட்டியிருந்தால், நடைக்காட்சியில் நீங்களும் கிம்பலும் அவற்றில் தெரிவீர்கள். படத்தில் அழிப்பது போல் பிறகு அழிக்க முடியாது. முதல் நாளே கேமரா இல்லாமல் அந்தக் கோட்டில் ஒருமுறை நடந்து, எந்தக் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிகிறது என்று பாருங்கள். பழைய கண்ணாடியைக் கழற்றவோ சாய்க்கவோ வேண்டாம், கோட்டிலிருந்து ஒரு சாண் விலகி நடந்து பாருங்கள்.