வி.ஏ.ஆர். வந்த பிறகு கால்பந்து நடுவர்களின் தீர்ப்பு கெட்டுவிட்டதா?

நடுக்கோடு கேட்டது:

வணக்கம். 2023 செப்டம்பர் 30 அன்று நடந்த டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் ஆஃப்சைடு, அதாவது பந்து தள்ளப்பட்ட கணத்தில் அவர் எதிரணியின் கடைசித் தற்காப்பு வீரரைத் தாண்டி நின்றார் என்று களத்தில் மறுக்கப்பட்டது. வி.ஏ.ஆர். எனப்படும் வீடியோ உதவி நடுவர் இருக்கும் வீடியோ அறையில் கோடு போட்டுப் பார்த்தபோது, டியாஸ் சரியான இடத்திலிருந்துதான் ஓடியிருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் களத்தில் கோல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அந்த அறையில் இருந்தவர் எண்ணிக்கொண்டதால், சரிபார்த்தாயிற்று என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டார். ஆட்டம் மீண்டும் தொடங்கிய சில நொடிகளில் தவறு புரிந்தும், தொடங்கிய ஆட்டத்தை நிறுத்திப் பின்னோக்கிச் செல்ல விதி இடம் தராததால், ஒரு நல்ல கோல் எல்லோர் கண்ணெதிரிலும் காணாமல் போயிற்று. லிவர்பூல் 2–1 என்று தோற்றது. பிறகு வெளியிடப்பட்ட ஒலிப்பதிவைக் கேட்டவர்களுக்கு அந்த அறையில் எழுந்த பதற்றம் தெரிந்திருக்கும்.

என் கேள்வி பிழைகளின் எண்ணிக்கையைப் பற்றியதன்று. பிழைகள் குறைந்திருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். களத்தில் நிற்பவர் தம் கண்ணை நம்பி விசில் ஊதும் பழக்கத்தை இந்த ஏற்பாடு கெடுத்துவிட்டதா என்பதே நான் கேட்க விரும்புவது. பெனால்ட்டி பகுதியில் ஒருவர் விழுந்தால், வேண்டுமானால் அறையில் பார்த்துக்கொள்வார்கள் என்பதுபோல் நடுவர் ஆட்டத்தைத் தொடரவிடுகிறார். அறையில் இருப்பவரோ, களத்தில் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, அது அப்பட்டமான தவறு அன்று, ஆகவே நான் தலையிட முடியாது என்று ஒதுங்கிக்கொள்கிறார். அப்படியானால் அந்த முடிவை உண்மையில் எடுத்தவர் யார்?

பழைய ஜெர்சி எழுதியது:

நண்பர் காட்டிய உதாரணம் தொழில்நுட்பத்துக்கு எதிரான சான்று ஆகாது. கோடு சரியாகவே விழுந்தது, பேச்சில்தான் பிசகு. களத்தில் கொடுத்த தீர்ப்பு என்ன, எங்கள் முடிவு என்ன என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும் என்ற ஒழுங்கு அன்று இருந்திருந்தால் அந்தக் கோல் நின்றிருக்கும்.

வி.ஏ.ஆர். இல்லாத காலத்தைப் பொற்காலமாக எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரில் மரடோனா கையால் தட்டிய பந்து கோலானது. 2009 நவம்பரில் பிரான்சின் தியரி ஹென்றி கையால் பந்தைத் தடுத்துத் தள்ளிக் கொடுக்க, சக வீரர் கல்லாஸ் தலையால் முட்டி அடித்த கோல் அயர்லாந்தின் உலகக் கோப்பைக் கனவை முடித்தது. 2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டெய்னில் இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்தும் கோல் இல்லை என்றானது. 2014 உலகக் கோப்பையில் கோல் கோட்டுத் தொழில்நுட்பம் இடம்பெற அந்தப் பந்தே முக்கியக் காரணம். நடுவரின் தன்னம்பிக்கையைப் பற்றி நாம் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் தொலைக்காட்சியில் உலகமே பார்த்துவிட்ட ஒன்றைத் தாம் மட்டும் பார்க்க முடியாமல் போன, அந்த மரடோனா ஆட்டத்தின் துனிசிய நடுவர் அலி பென்னசூர் எத்தனை ஆண்டுகள் அந்தப் பழியைச் சுமந்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கு ஒரு திரை கிடைத்திருந்தால் அவருடைய தன்னம்பிக்கை குறைந்திருக்குமா?

ஆஃப்சைடைப் பொறுத்தவரை 2022 கத்தார் உலகக் கோப்பையோடு வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கூரையடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை கணித்தன. பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. முதல் ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே ஈக்வடாரின் கோல் ஒன்று இதனால் நீக்கப்பட்டது. மனிதக் கண்ணால் அதைப் பிடித்திருக்க முடியாது.

கொடிக்காரன் எழுதியது:

மாவட்டப் போட்டிகளில் துணை நடுவராகக் கொடி பிடித்து வருகிறவன் என்ற முறையில் சில சொல்ல வேண்டும். எங்கள் ஆட்டங்களில் கேமரா கிடையாது. ஆனால் தொலைக்காட்சியில் பார்ப்பதையே எல்லோரும் எங்களிடமும் எதிர்பார்க்கிறார்கள்.

கடைசித் தற்காப்பு வீரருக்கு நேராகப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, பந்து உதைபடும் கணத்தைக் காதாலும் வீரர்கள் நிற்கும் இடத்தைக் கண்ணாலும் ஒரே நேரத்தில் பிடிப்பதுதான் ஆஃப்சைடு பார்க்கும் கலை. அந்தக் கணத்தில் கை தானாகக் கொடியை உயர்த்த வேண்டும். வி.ஏ.ஆர். உள்ள ஆட்டங்களில், கோலாகக்கூடிய தாக்குதல் என்றால் கொடியை உயர்த்தாமல் அது முடியும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். தவறாகக் கொடி உயர்த்தி ஒரு நல்ல கோலைக் கொன்றுவிட்டால் திருத்த வழியில்லை என்பதால் இந்த ஏற்பாடு. அதன் காரணம் எனக்குப் புரிகிறது. நெருக்கமான சமயங்களுக்கு மட்டும் என்று வைத்த விதி, நாளடைவில் தெளிவான ஆஃப்சைடுக்கும் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

2025 மே 11 அன்று நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் – லெஸ்டர் ஆட்டத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஃபாரஸ்டின் எலங்கா ஆஃப்சைடில் இருந்தது வெளிப்படையாகவே தெரிந்தது, கொடி உயரவில்லை. அவர் கொடுத்த பந்தை எட்ட ஓடிய சக வீரர் தைவோ அவோனியி கோல் கம்பத்தில் மோதினார். வயிற்றில் பலத்த காயம், அவசர அறுவைச் சிகிச்சை, மருந்தால் வரவழைத்த மயக்க நிலை என்று அடுத்த சில நாட்கள் கழிந்தன. அவர் மீண்டு வந்தது பெரிய ஆறுதல். நடந்திருக்கவே வேண்டாத ஓர் ஓட்டத்தில் ஓர் ஆட்டக்காரர் உயிருக்குப் போராடினார் என்பதை நடுவர் பணியில் இருக்கிற எவரும் எளிதாகக் கடந்து போக முடியாது.

அடுத்தது ஸ்லோ மோஷன். வி.ஏ.ஆர். நெறிமுறையே இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது: பந்து எங்கே பட்டது, கால் எங்கே பட்டது போன்றவற்றுக்கு மெதுவான காட்சி, மோதலின் வேகத்தையும் கடுமையையும் எடைபோட இயல்பான வேகக் காட்சி. நடைமுறையில் திரைக்கு முன்னால் போய் நிற்கும் நடுவரின் மனத்தில் முதலில் பதிவது உறைந்த படமும் மெதுவான காட்சியும்தான். நடுக்கோடு சொன்ன அதே டாட்டன்ஹாம் ஆட்டத்தில் லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸுக்குக் களத்தில் கிடைத்தது மஞ்சள் அட்டை. திரையைப் பார்த்த பிறகு அது சிவப்பானது. அவருடைய கால் பந்தின்மேல் பட்டு, அதிலிருந்து வழுக்கி எதிராளியின் காலில் இறங்கியது. மெதுவாக ஓட்டினால் அது வேறுமாதிரி தெரியும் என்று லிவர்பூலின் அப்போதைய பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் அன்று சொன்னதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். லிவர்பூலின் முறையீடு தள்ளுபடியானது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். நடுவர்களிலேயே பலர் அதைச் சிவப்பு என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கருத்து வேறுபடக்கூடிய ஒன்றில் தலையிட அறைக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை என்பதே என் வாதம்.

ஆகவே பழைய ஜெர்சி ஐயாவோடு பாதி உடன்படுகிறேன். கோட்டைத் தாண்டியதா, யார் முன்னால் நின்றார் என்பவற்றைக் கருவியிடம் விட்டுவிடலாம். வேகம், கடுமை, நோக்கம் ஆகியவற்றை இருபதடி தொலைவில் நின்று மூச்சிரைக்கப் பார்த்தவரிடமே விட வேண்டும்.

கிழக்கு கேலரி எழுதியது:

பணம் கொடுத்து மைதானத்துக்குள் வருபவர்களை இருவரும் மறந்துவிட்டீர்கள். கோல் விழுந்ததும் துள்ளி எழ முடியாமல், நடுவர் காதில் கை வைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது. சுவீடனில் கால்பந்து மன்றங்களின் (கிளப்களின்) வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்கிறது. அதனால்தான் 2024இல் அந்நாட்டு மன்றங்கள் வி.ஏ.ஆர். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதே ஆண்டு ஜூனில் வி.ஏ.ஆரை நீக்க வுல்வ்ஸ் மன்றம் கொண்டுவந்த தீர்மானம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 19–1 என்று தோற்றது. அங்கே வாக்களித்தவர்கள் முதலாளிகள்.

பழைய ஜெர்சி எழுதியது:

தவறான கோலுக்குத் துள்ளிவிட்டு வீட்டுக்குப் போவதைவிட, ஒரு நிமிடம் காத்திருந்து சரியான கோலுக்குத் துள்ளலாம் என்பவர்களும் அதே கேலரியில்தான் இருக்கிறார்கள். முடிவை மைதானத்துக்கே ஒலிபெருக்கியில் அறிவிக்கும் முறை 2023 மகளிர் உலகக் கோப்பையில் பயன்படுத்தப்பட்டது. அது எல்லா இடங்களுக்கும் பரவினால் உங்கள் குறையில் பெரும்பகுதி தீரும்.

நடுக்கோடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கொடிக்காரன் பிரித்துக் காட்டிய விதம் எனக்குத் தெளிவைத் தந்தது. கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். முறையில், பந்து ஸ்டம்பின் விளிம்பில் மட்டும் உரசுகிற அளவுக்கு இருந்தால் அம்பயர்ஸ் கால் என்று களத்தில் நின்றவரின் முடிவுக்கே மதிப்புத் தருகிறார்கள். மறுபரிசீலனையைக் கேட்பதும் பெரும்பாலும் ஆடுகிறவர்கள்தான். கால்பந்தில் அப்படி ஏதாவது முயன்றிருக்கிறார்களா?

கொடிக்காரன் எழுதியது:

முயன்றிருக்கிறார்கள். 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் வீடியோ அறையே இல்லாத ஒரு முறை சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு பயிற்சியாளரும் ஆட்டத்துக்கு 2 முறை மறுபரிசீலனை கேட்கலாம். கேட்டது சரியென்று ஆனால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். களநடுவரே திரைக்குப் போய்ப் பார்த்துத் தாமே முடிவெடுப்பார். அதிகக் கேமராக்களும் தனி அறையும் வைக்க வசதியில்லாத போட்டிகளுக்காகத்தான் இதை உருவாக்கினார்கள். ஆனால், முடிவை எடுத்தவர் யார் என்ற உங்கள் முதல் கேள்விக்கு அங்கே இடமே இருக்காது என்பதால், பெரிய லீக்குகளும் ஒரு பருவம் முழுக்க இதை முயன்று பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.